முறுக்கு சூடாக இருக்கிறதா?

எங்கள் வீட்டில் ஐந்து வெப்பமானிகள் இருக்கின்றன. மனிதர்களுக்கென்று ஒன்று, அதில் பேட்டரி தீர்ந்து நாளாகிறது. மற்ற நான்கும் முறுக்குக்கு.

முறுக்கு என்பது என் மகள் வளர்க்கும் பாம்பு. மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளைப் பூர்வீகமாகக் கொண்ட பால் பைத்தான் என்ற சாதுவான மலைப்பாம்பு இனம். பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். கடையில் அது சுருண்டு கிடந்த கோலத்தைப் பார்த்த மாத்திரத்தில் மகள் பெயர் வைத்துவிட்டாள். ஊரில் ஒரு சாரைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். நாங்கள் இருக்கும் மிச்சிகனில் பில் போட்டு, பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

பெயரால் வந்த குழப்பங்கள் தனி. மயிலாடுதுறையில் அம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது மகள், "முறுக்குக்கு ஈரப்பதம் அறுபது சதவீதமாவது இருக்கணும் பாட்டி" என்றாள். அங்கே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அத்தை பதறிப்போய், "நமத்துப் போயிடுமேம்மா!" என்றார். முறுக்கு எலி சாப்பிட்ட செய்தியை அதற்குப் பிறகு நாங்கள் ஸ்பீக்கரில் சொல்வதில்லை.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் கண்ணாடித் தொட்டியின் ஒரு கோடி 88 முதல் 92 டிகிரி ஃபாரன்ஹீட், மறு கோடி 76 முதல் 80. வேண்டியபோது இந்தப் பக்கம் வரும், போதும் என்றால் அந்தப் பக்கம் போகும். சூடு குறைந்தால் விழுங்கிய எலி செரிக்காமல் திரும்பி வந்துவிடும். அந்தக் காட்சியை வர்ணிக்கப் போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிப்பவர்கள் உண்டு. சூடு கூடினால் இன்னும் மோசம். அடியில் வைத்த வெப்ப மெத்தை தகித்தாலும் பாம்பு நகர்ந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. அப்படியே கிடந்து வயிற்றைப் பொசுக்கிக்கொள்ளும்.

வேலூரில் வெயில் சதமடித்தது என்று ஊர்ப் பத்திரிகைகள் எழுதுவதும் இதே ஃபாரன்ஹீட்டில்தான். அந்தக் கணக்கில் முறுக்கின் வாழ்க்கை முழுக்க நெர்வஸ் நைன்டீஸ். தொட்டிக்கு வெளியே, வீட்டுக்குள் நாங்கள் மனிதர்கள் 68-இல் அவுட்.

இனி கருவிகள். தொட்டியோடு இலவசமாக வந்த வட்ட முகப்பு வெப்பமானி ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கண்ணாடியின் உடல்நிலையை மட்டும் சொல்லும்; பாம்பு படுப்பது தரையில். இரண்டாவது, ஒயர் நுனியில் சென்சர் வைத்த டிஜிட்டல். மூன்றாவது தெர்மோஸ்டாட். அளப்பதோடு நிற்காமல், வெப்ப மெத்தைக்குப் போகும் மின்சாரத்தையும் அதுவே கூட்டிக் குறைக்கும். நான்காவது, துப்பாக்கி மாதிரி பிடித்துச் சுடும் அகச்சிவப்பு வெப்பமானி. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் நான்கையும் பார்த்தால் 74, 86, 90, 93 என்று நான்கு பதில்கள். கூட்டணிப் பேச்சுவார்த்தை முடிந்து எதை நம்புவது என்று தீர்மானிப்பதற்குள் மகளின் பள்ளி பஸ் போய்விடும்.

இதில் தெர்மோஸ்டாட்டின் சென்சர்தான் வில்லங்கம். அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் சூடுதான் அதற்கு உலகம். இரவில் உலாவும் முறுக்கு ஒயரில் முதுகைச் சொரிந்து நெம்பி, சென்சரைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தள்ளிவிட்டது என்று வையுங்கள். தண்ணீர் குளுகுளு. "ஐயோ, குளிருதே!" என்று தெர்மோஸ்டாட் விடிய விடிய மெத்தைக்கு மின்சாரம் ஊட்டும். சரி, டேப் போட்டு ஒட்டலாமென்றால் தொட்டிக்குள் டேப்பே கூடாது. பாம்பின் செதிலில் ஒட்டிக்கொண்டால் தோலோடு வரும். கடைசியில் சென்சரைத் தொட்டிக்கு வெளியே, மெத்தைக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி, கூடுதல் கண்காணிப்புக்கு உள்ளே இன்னொன்று வைத்தோம். கண்காணிப்பவரைக் கண்காணிக்க ஒரு அதிகாரி என்பது அரசாங்கத்துக்கு மட்டும் உரியதல்ல.

துப்பாக்கிக்கு வருவோம். சிகாகோவிலிருந்து வந்த என் மச்சினன் அதை எடுத்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றபடி பாம்பைக் குறிவைத்துச் சுட்டான். 71. "அத்தான், பாம்பு போயிடுச்சு" என்றான் துக்கக் குரலில். கண்ணாடி நம் பார்வைக்குத்தான் திறந்த கதவு. இந்தக் கருவி படிக்கும் அகச்சிவப்புக் கதிருக்குச் சுவர். அவன் அளந்தது கண்ணாடியை. மூடியைத் திறந்துதான் சுட வேண்டும். சிவப்புப் புள்ளியும் வெறும் குறிகாட்டிதான். தள்ளி நின்றால் அந்தப் புள்ளியைச் சுற்றிப் பெரிய வட்டத்தையே அளந்து சராசரியைச் சொல்லும்.

மச்சினன் அடுத்து அடுப்படிக்குள் புகுந்தான். கொதிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கவாட்டில் சுட்டால், கை வைக்கலாம் போல ஒரு எண் வந்தது. பளபளக்கும் உலோகம் தன் சூட்டை அவ்வளவாக வெளியே சொல்லாது, எதிரில் இருப்பதன் சூட்டைப் பிரதிபலிக்கும். கறுத்த இரும்புத் தோசைக்கல் அப்படியில்லை, நேர்மையாக 400-ஐத் தொட்டது. என் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கல்லில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். சொய்ங். "ஊத்தலாம்" என்றாள். கூடவே, எலியைச் சுட்ட துப்பாக்கி அடுப்படிக்கு வரக்கூடாது என்று தடையுத்தரவும் போட்டாள்.

ஆமாம், எலியையும் சுட வேண்டியிருக்கிறது. ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் உறைந்திருக்கும் எலியை எடுத்து, வெந்நீரில் போட்டு 100 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் முறுக்கு திரும்பிப் பார்க்கும். அதன் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் உண்டு. எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் உறுப்புகள் அவை. அந்தச் சூட்டை உணரும் புரதத்தை 2010-இல் அடையாளம் கண்டது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. நமக்குக் கடுகின் காரத்தை உணர்த்தும் அதே வகைப் புரதம். வெப்பத்தை உடல் எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக 2021-இல் ஜூலியஸுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. என் நான்கு கருவிகளின் மொத்த விலையைவிட உயர்ந்த ஒன்றை உதட்டில் வைத்துக்கொண்டு, நான் 88-க்கும் 90-க்கும் அல்லாடுவதை அது வேடிக்கை பார்க்கிறது.

என்னைவிடப் பெரிய பைத்தியங்களும் இருந்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். ஊர்வன ஆய்வாளர்கள் ரேமண்ட் கவுல்ஸும் சார்லஸ் போகர்ட்டும் கலிபோர்னியப் பாலைவனத்தில் பல்லிகளையும் பாம்புகளையும் பிடித்து, வாலடியில் வெப்பமானியைச் செருகிச் சூடு பார்த்தார்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் இடம் மாறியே இவை உடம்புச் சூட்டைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கின்றன என்று 1944-இல் வெளியிட்டார்கள். குளிர் ரத்தப் பிராணி என்ற பெயருக்கே அர்த்தமில்லாமல் போனது. முறுக்கின் வாலடியில் நான் கை வைப்பதாக இல்லை.

2023 பிப்ரவரியில் அம்மா இங்கே வந்திருந்தபோது உறைமழை அடித்தது. மரக்கிளைகளும் மின்கம்பிகளும் பனிக்கட்டி சுமந்து அறுந்து விழ, தென்கிழக்கு மிச்சிகனில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் வெப்பமானி மட்டும் விடாமல் வர்ணனை செய்தது: 84, 80, 77. பாம்பைக் கண்டால் படை நடுங்குமோ என்னவோ, அன்று நடுங்கியது நாங்கள்.

முறுக்கைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கினாள் மகள். கூடவே வைக்கச் சூடான ஒன்று வேண்டும். கேஸ் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஊற்றி வைக்க வீட்டில் இருந்தது, மூட்டுவலிக்காக அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த வெந்நீர்ப் பை ஒன்றுதான். பேத்தி கேட்டதும் கொடுத்துவிட்டார். துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, ஒரு குரங்குக் குல்லாயோடு சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இப்ப எத்தனை டிகிரிடா?"

"82, அம்மா."

கம்பளிக்குள்ளிருந்து கை நீண்டது. "எனக்குப் பாரு."

சுட்டேன். 70.

"அப்ப அந்தப் பையை எடுத்து இங்க குடு."