அதைத்தான் நானும் சொல்றேன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்த நிமிஷமே கட்சி மாறிவிடுவார். மாறி நம் கட்சிக்கே வந்து, தலைவராகவும் ஆகிவிடுவார்.

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலவில் இறங்கும் மாலை. சித்தப்பா எழுதினார்: "இப்ப பாராசூட் விரியும் பாருங்க." பள்ளியில் இயற்பியல் சொல்லித்தரும் அத்தை மகளுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, நிலாவுல காத்தே கிடையாது. பாராசூட் எப்படி விரியும்? எஞ்சினைக் கீழ்ப்பக்கம் எரியவிட்டுத்தான் வேகத்தைக் குறைக்கிறாங்க."

உடனே பதில் வந்தது. "அதைத்தாம்மா நானும் சொல்றேன். பாராசூட் விரியாது. அதனாலதானே இஸ்ரோக்காரன் எஞ்சினை வெச்சான்!"

6.04-க்கு விக்ரம் தரை தொட்டது. குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. அதில் பாதி சித்தப்பாவுக்கு.

இந்த வித்தைக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் 'அதைத்தான்' என்று நம் வாக்கியத்தின் மேல் துண்டு போடுவார். பிறகு அதையே நிறுத்தி நிதானமாக நமக்கே விளக்குவார். நமக்குப் புரிந்துவிட்டதா என்றும் கேட்பார். கடைசியில் ஒரு நண்பர் வருவார். இஸ்ரோவில் ஒருவர், ஹைகோர்ட்டில் ஒருவர், கிரிக்கெட் போர்டில் ஒருவர். ஒருவருக்கும் பெயர் கிடையாது.

எல்பிடபிள்யூ அப்பீல் ஒன்றை நடுவர் மறுத்த அன்று, "பந்து ஸ்டம்பை அடிக்குது, கண்ணு தெரியலையா?" என்று நடுவரின் பரம்பரை வரைக்கும் போனார். "சித்தப்பா, பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச் ஆகியிருக்கு. ஸ்டம்பை அடிச்சாலும் அவுட் கிடையாது" என்றான் தம்பி. "அதைத்தான்டா நானும் சொல்றேன். உள்ளே பிட்ச் ஆகியிருந்தா அவுட்!" இதை எந்த நடுவரால் மறுக்க முடியும்? மழை நாட்களில் டக்வொர்த்-லூயிஸ் பற்றி அவர் எழுதியதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். அந்த இரண்டு பேருமே காலமாகிவிட்டார்கள்.

சட்டத்திலும் இதே கதைதான். ஆன்லைனில் பட்டுப்புடவை கேட்ட சித்திக்குப் போர்வை வந்தது. "420 போட்டு உள்ள தள்ளு" என்றார். வக்கீலான அண்ணி எழுதினாள்: "மாமா, 2024 ஜூலை 1-லேருந்து புதுச் சட்டம். இனிமே ஏமாத்துறதுக்கு 318. புதுசுல மொத்தமே 358 பிரிவுதான், 420-ங்கிற நம்பரே கிடையாது. இதுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலே போதும்." சித்தப்பா அசரவில்லை. "அதைத்தாம்மா நானும் சொல்றேன். 420 மட்டும் இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் ஒருநாள், வெந்தயத் தண்ணீர் குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று எங்கிருந்தோ வந்ததைக் குழுவில் தள்ளிவிட்டார். பெரிய அத்தை அதை நம்பி மாத்திரையை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் பிரஷர் எகிறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதல் ஆளாக ஓடிவந்தவர் சித்தப்பாதான். ஃபிளாஸ்க்கில் காபியோடு ராத்திரி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் டாக்டர், "எங்களைக் கேக்காம யாரு மாத்திரையை நிறுத்தச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டே என்ன சொன்னார் என்று நான் எழுதவேண்டியதில்லை.

அந்த வெந்தயச் செய்தி இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது. தான் சொன்னது தப்பு என்று அவர் நினைத்தால்தானே அழிப்பார்? அத்தை மகள் இப்போதெல்லாம் எதற்கும் பதில் எழுதுவதில்லை. நஷ்டம் எங்களுக்குத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். நிலாவையும் எல்பிடபிள்யூவையும் அவருக்கே விட்டுவிடுங்கள். மருந்து மாத்திரை என்று ஏதாவது எழுதினால் மட்டும் குழுவில் சண்டை போடாதீர்கள். நேராக அத்தைக்கு ஃபோன் போடுங்கள்.