கருடனுக்கு விதிப்புத்தகம் கொடுக்காத ஆட்டம்

கெடாவின் முதல் ராஜா இங்கே ராஜாவாக வரவில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காவலாளாக வந்தார். ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா என்ற பழைய மலாய் நூல் சொல்கிற கதை அப்படித்தான் தொடங்குகிறது. ரூம் தேசத்து ராஜகுமாரனுக்கும் சீன தேசத்து ராஜகுமாரிக்கும் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது. ரூம் எங்கே, சீனா எங்கே! நடுவில் கிடப்பது அத்தனையும் கடல். மாப்பிள்ளைக்குத் துணையாக ஒரு பலசாலி வேண்டும் என்று மெரோங் மகாவங்சாவைக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

அப்போது மொட்டைக் கடிதம் போட்டுக் கல்யாணத்தைக் கெடுக்கும் வசதி வந்திருக்கவில்லை. அதனால் கருடன் நேராகவே களத்தில் இறங்கியது. சுலைமான் நபியின் சபைக்குப் போய், இந்தக் கல்யாணத்தை நடக்கவிட மாட்டேன், நடந்துவிட்டால் மனிதர் இருக்கும் பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்று சபதம் போட்டது. இறைவன் சேர்த்து வைத்ததை யாராலும் பிரிக்க முடியாது என்று நபி எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கேட்கிற நிலையிலா இருந்தது அது?

நமக்குத் தெரிந்த கருடன் நல்லவர். இந்திரஜித்தின் நாகபாசத்தில் கட்டுண்டு கிடந்த ராம லட்சுமணரைக் காப்பாற்றிவிட்டு, நன்றிகூட எதிர்பார்க்காமல் பறந்தவர். பெருமாளின் வாகனம். அவரே வங்கக் கடலைத் தாண்டியதும் வில்லனாகிவிட்டார். பெண்ணைத் தூக்கிக்கொண்டு வான்வழியாகப் போய், கடல் நடுவே லங்காபுரி என்ற தீவில் சிறை வைக்கிறார். இன்றைக்கு வரியில்லாச் சாக்லெட் வாங்க நாம் படகேறிப் போகும் லங்காவிதான் அது. செய்தது ராவணன் வேலை, வைத்த இடத்தின் பெயரும் ஏறக்குறைய ராவணன் ஊர்ப் பெயர். கூத்துக் கொட்டகையில் யாரோ வேடப்பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

பெண்ணைத் தூக்கியதோடு கருடன் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் கப்பல்களையும் தாக்கியது. புயல், மழை, இடி, மின்னல் எல்லாம் அதன் கைவசம். மெரோங் மகாவங்சா பக்கத்தில் இருந்தவரை மந்திர அம்புகளை விட்டுச் சமாளித்தார். அவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கருடன் கப்பல்களை நொறுக்கிவிட்டது. மாப்பிள்ளை கடலில் விழுந்தார். வேலை முடிந்தது என்று கருடன் இறகை உதறிக்கொண்டது.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவைத்து, கரங்கானில் என் அக்கா வீட்டு ஹாலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அக்கா மகனும் அவன் கூட்டாளிகளும் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள். லீவு நாளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவார்கள். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் 1974-ல் வெளியிட்ட ஆட்டம். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் வீரன், ஒருவன் திருடன். நடுவில் கதையை நடத்துகிறவன் மாஸ்டர். இருபது முகப் பகடையை, தாத்தா பால் மரம் சீவிய காலத்துப் பழைய மங்கு ஒன்றில் போட்டுக் குலுக்குகிறார்கள். பால் ஒழுகிக் காய்ந்த கறை இன்னும் அதன் விளிம்பில் இருக்கிறது. அதில் குலுக்கினால்தான் நல்ல எண் விழும் என்று ஒரு நம்பிக்கை.

ஆட்டத்தைவிட அவர்கள் போடும் சண்டைதான் சுவாரசியம். எந்த மந்திரப் பொருளோடு எதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் எப்போதும் வழக்கு. 'பேக் ஆஃப் ஹோல்டிங்' என்று ஒரு பை உண்டு. பார்க்கச் சின்னது, உள்ளே ஐந்நூறு பவுண்டு சரக்கு கொள்ளும். 'போர்ட்டபிள் ஹோல்' என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு பள்ளமும் உண்டு. கீழே விரித்தால் பத்தடி ஆழம். தனித்தனியாக இரண்டும் சாது. ஒன்றை மற்றொன்றுக்குள் திணித்தால் இரண்டும் அழிந்து, வேறு உலகத்துக்கு ஒரு வாசல் திறந்து, பக்கத்தில் நிற்கிறவர்களை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இது விதிப்புத்தகத்திலேயே அச்சாகி இருக்கிறது. எதற்காக எழுதி வைத்தார்களோ தெரியாது, ஆடுகிறவர்களுக்கு அது வெடிகுண்டு செய்முறை ஆகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் நின்ற இடத்திலேயே எட்டாயிரம் பவுண்டு தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும் இரும்புத் தடி ஒன்று உண்டு. டிராகனின் தொண்டைக்குள் போய் அதை அமுக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க வாதம் நடந்தது. திமிங்கிலத்தை மந்திரத்தால் எதிரியின் தலைக்கு மேலே வரவழைத்து அப்படியே போட்டுவிடும் பழைய தந்திரமும் இருந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு, வரவழைக்கும் உயிர் அதைத் தாங்கும் இடத்தில்தான் வந்து நிற்க வேண்டும் என்று ஒரு வரி போட்டு அதன் வாயை அடைத்தது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை திமிங்கிலங்கள் விழுந்திருக்கும்!

"மாமா, நம்ம ஊருல இந்த மாதிரி கதை ஏதும் இருக்கா?" என்றான் மருமகன். கருடன் கதையைச் சொன்னேன். கப்பல் உடைந்த இடம் வந்ததும் மந்திரவாதியாக ஆடும் பையன் கையைத் தூக்கினான்.

"இருங்க அங்கிள். பொண்ணு எங்க?"

"லங்காபுரியில."

"கப்பல் உடைஞ்சது எங்க?"

"அந்தப் பக்கத்துக் கடல்லதான்."

"அப்ப மாப்பிள்ளை எங்க போய் ஒதுங்குவான்?" என்று கேட்டுவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தான்.

கருடனுக்குத் தோன்றாதது அவனுக்கு ஒரே நொடியில் தோன்றிவிட்டது. நூலும் அதையேதான் சொல்கிறது. மாப்பிள்ளை அலையில் மிதந்து போய் லங்காபுரியில் கரையேறினார். பெண் அங்கேதான் இருந்தாள். தீவில் கொண்டுபோய் வைத்தது ஒரு நல்ல வித்தை, புயலைக் கிளப்பிக் கப்பலைக் கவிழ்த்தது இன்னொரு நல்ல வித்தை. இரண்டையும் ஒரே கடலில் செய்தால் என்ன ஆகும் என்று கருடன் யோசிக்கவே இல்லை. ரூமிலிருந்து சீனா வரை போக வேண்டியிருந்த மாப்பிள்ளையைப் பாதி வழியிலேயே பெண் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட புண்ணியம் அதையே சேரும். பையைப் பள்ளத்துக்குள் திணித்தவன் கதைதான். வெடித்தது திணித்தவன் கையில்.

பிறகு சுலைமான் நபியின் சபை கூடியது. கருடன் வெற்றிக் களிப்பில் வந்து நின்றது. ஒரு பெட்டி வந்தது. திறந்தார்கள். உள்ளேயிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் ஜோடியாக எழுந்து வந்தார்கள். கருடன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஊரைவிட்டே போய்விட்டது. அது ஒன்றுக்காக அதைப் பாராட்டலாம். தோற்றபின் சபதத்தை மறந்துபோகும் ஆட்களை நாம் பார்க்காதவர்களா?

மந்திர அம்புகளை நாம் கொண்டாடுகிறோம். இந்தக் கதையில் கடைசியில் அவற்றால் ஒரு காரியமும் ஆகவில்லை. நம் புராணங்களிலும் கணக்கு இப்படித்தான் முடிகிறது. இரணியன் வாங்கிய வரத்தில் பகல், இரவு, உள், வெளி, மனிதன், மிருகம், ஆயுதம் எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. நரசிம்மர் பலத்தை நம்பி மட்டும் வரவில்லை. அந்தி, வாசற்படி, மடி, நகம் என்று ஒவ்வொரு ஓட்டையாகப் பொறுக்கி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பொருத்தினார். கரங்கான் மேசையில் உட்கார வைத்தால், "இவர் கூட ஆட முடியாதுப்பா" என்று பையன்கள் எழுந்து போயிருப்பார்கள். பஸ்மாசுரனின் கையை அவன் தலையிலேயே வைக்க வைத்தது ஒரு நடன அசைவு. விலை, ஒன்றுமில்லை.

காவலுக்கு வந்த மெரோங் மகாவங்சா இங்கேயே தங்கிக் கோட்டை கட்டி லங்காசுகாவின் ராஜாவாகிவிட்டார். வேலைக்கு வந்த இடத்தில் ஊன்றிக்கொள்ளும் வழக்கம் கெடாவுக்குப் புதிதில்லை, தோட்டத்துக்காரர்களான நாம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் வம்சத்தில் ஒரு பிள்ளைக்கு வெள்ளி அம்பு கிடைத்தது, அது போய் விழுந்த இடத்தில் பேராக் பிறந்தது. ஒரு பெண்ணுக்கு யானையும் கிரீசும், அவளுக்குப் பட்டாணி நாடு. நிலப் பட்டா, சர்வே, லாயர் செலவு எதுவும் இல்லை.

இந்த நூல் வரலாறு இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கிவிட்டார்கள். ஜேம்ஸ் லோ என்ற வெள்ளைக்காரர் 1849-ல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சரி, கதை வேண்டாம், கல்வெட்டுக்குப் போவோம் என்றால் அங்கே நம் ராஜேந்திர சோழர் நிற்கிறார். 1025-ல் கடல் கடந்து படை அனுப்பி, கடாரம் என்ற பழைய கெடாவின் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்தார். யானைகளையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? நகர வாசலில் இருந்த வித்தியாதரத் தோரணத்தையும் மணி பதித்த வாயில் கதவுகளையும் கவர்ந்ததாக மெய்க்கீர்த்தி பெருமையோடு பட்டியல் போடுகிறது. 1978-ல் கைகாக்ஸ் தன் ஆட்டத்துக்காக 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்று ஒரு கொலைகாரப் புதைகுழி சாகசத்தை வெளியிட்டார். ஆடியவர்களில் பலர் அதில் பூதத்தைத் தேடிப் போகாமல், விலை உயர்ந்த உலோகத்தில் செய்த கதவுகளைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வழி தேடினார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் தஞ்சாவூர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பவும் கதைக்கு. அம்பும் யானையும் வைத்திருந்த வம்சத்தில் வந்த ராஜா ஓங் மகா பெரித்தா டெரியாவைக் கவிழ்த்தது ஒரு கீரைக் குழம்பு. சமையல்காரி அவசரத்தில் கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். ரத்தம் சட்டியில் விழுந்தது. ராஜா சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு மட்டும் ஏன் இத்தனை ருசி என்று கேட்டார். பொய் சொல்லத் தெரிந்த சமையல்காரியாக இருந்திருந்தால் கெடாவின் சரித்திரமே வேறு. அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ராஜாவுக்குக் குழம்பில் தினம் ரத்தம் வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் கோரைப் பற்கள் முளைத்தன, பெயரும் ராஜா பெர்சியோங் ஆனது. மக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துரத்திவிட்டார்கள். கீரையும் ரத்தமும் தனித்தனியாக யாருக்கும் பல் முளைக்க வைத்ததில்லை. இந்தக் கதையை 1968-ல் மலாய்ப் படமாக எடுத்தபோது கதை எழுதியவர் கெடாக்காரரான துங்கு அப்துல் ரஹ்மான். அப்போது அவர் நாட்டின் பிரதமர். நாட்டை நடத்திக்கொண்டே பல் முளைத்த ராஜாவுக்குக் கதை யோசிக்க ஒருவருக்கு நேரம் இருந்தது என்பது எனக்கு இன்றுவரை ஆறுதலாக இருக்கிறது.

ராஜா ஓடிவிட்டார், நாற்காலி காலி. கெமாலா ஜொஹாரி என்ற யானையை விட்டு அடுத்த ராஜாவைத் தேடினார்கள். அது போய், ஓடிப்போன ராஜாவுக்குக் காட்டுப் பக்கம் ஒரு பெண்ணிடம் பிறந்திருந்த பையனையே தூக்கி வந்துவிட்டது. கழுமலத்து யானை கருவூர் வரை நடந்து கரிகாலனைக் கொண்டு வந்த கதை தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். யானைகள் தேர்தல் நடத்திய காலத்தில் மறு எண்ணிக்கை கேட்டு யாரும் மனுப் போட்டதில்லை.

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் கடைசியில் வருகிறது, ஒரு கைத்தடி. ஷேக் அப்துல்லா யேமனி என்ற மார்க்க மாணவர், இப்லீஸ் என்ற சைத்தான் மனிதர்களை எப்படிக் கெடுக்கிறான் என்று நேரில் பார்த்துப் படிக்க விரும்பினார். இப்லீஸும் கூட்டிப்போகச் சம்மதித்தான். ஒரே நிபந்தனை: நான் எதைச் செய்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. கையில் தன் தடியைக் கொடுத்தான். அதைப் பிடித்திருக்கும்வரை யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். ஊர் ஊராகப் போனார்கள். அண்ணன் தம்பியை மோதவிட்டான், சந்தையில் சண்டை மூட்டினான். ஷேக் எல்லாவற்றையும் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு வந்தார்.

விடியற்காலையில் கெடா அரண்மனை. நேராக ராஜா ப்ரா ஓங் மகாவங்சாவின் படுக்கையறை. எழுந்ததும் மது கேட்பது ராஜாவின் பழக்கம். இப்லீஸ் அந்த மதுப் பாத்திரத்தில் நிதானமாகச் சிறுநீர் கழித்தான்.

அதுவரை பொறுத்த ஷேக்கால் இதைப் பொறுக்க முடியவில்லை. ராஜா குடிக்கிற பொருளில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிட்டார். ஏன் என்று கேட்கக் கூடாது என்று சொன்னேனா இல்லையா என்றபடி இப்லீஸ் தடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

கோபத்தில் செய்த வேலை. விளைவை யோசிக்காமல் செய்த வேலை என்பதில் கருடனுக்கும் இவனுக்கும் வித்தியாசமே இல்லை. கட்டுக்காவல் போட்ட அரண்மனையில், ராஜாவின் படுக்கைக்குப் பக்கத்தில், படித்த மார்க்க அறிஞர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தி, அவரைக் கண்ணுக்குத் தெரியவும் வைத்துவிட்டான். அவனுக்கு வேண்டாதவர்கள் வருஷக்கணக்கில் திட்டம் போட்டிருந்தாலும் இப்படி ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ராஜா திடுக்கிட்டுப் போனார். கதவு இன்னும் திறக்கவில்லையே, நீர் எப்படி உள்ளே வந்தீர் என்று கேட்டார். ஷேக் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், பாத்திரத்து விஷயம் உட்பட. பேச்சு மார்க்கத்துக்குத் திரும்பியது, ராஜா இஸ்லாத்தைத் தழுவி சுல்தான் முட்சாபார் ஷா ஆனார். 1136 என்று கெடா அரச வம்சாவளி ஆண்டு குறிக்கிறது. அரண்மனையில் இருந்த மதுவையெல்லாம் கொண்டுவரச் சொல்லித் தரையில் கொட்ட வைத்தார். மார்க்கத்துக்காகக் கொட்டினார் என்பது நூலின் கட்சி. அதில் என்ன கலந்திருந்தது என்று கேட்டறிந்த மனுஷன், எப்படிப் பார்த்தாலும் அன்றைக்குக் கொட்டித்தான் இருப்பார் என்பது கரங்கான் மேசையின் ஒருமனதான தீர்ப்பு.