பொய்க்கு மூவாயிரம், பொழுதுக்கு எவ்வளவு?

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் சந்தையில் சாமைக்கு ஒரு விலை, மலைத்தேனுக்கு ஒரு விலை, புளிக்கு ஒரு விலை. பேரம் பேசலாம். சாமையில் கல் கிடந்தால் விற்றவர் முன்னாலேயே திருப்பிக் கொட்டலாம். தேர்தல் பொய்க்கும் இப்படியொரு சந்தை உண்டு. அது டெல்லியில் கூடுகிறது, மும்பையில் கூடுகிறது, கடல் தாண்டி டெட்ராய்ட்டிலும் கூடுகிறது. அங்கே மூட்டை முழுக்கக் கல்தான். வாங்கிக்கொள்ள வேண்டியவர் நீதிபதி. திருப்பிக் கொட்டவே அவருக்கு ஒரு முழுநாள் ஆகிறது.

நம் நாட்டு விலை நிலவரம் இது. 2021 ஆகஸ்டில் வழக்கறிஞர் சி.ஆர். ஜெயா சுகின், வாக்குப்பதிவு இயந்திரத்தை ஒழித்து வாக்குச்சீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குத் தாமே மனுதாரராகப் போனார். இயந்திரத்தில் என்ன கோளாறு என்று காட்ட உருப்படியாக ஒன்றுமில்லை. பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டு மனுவைத் தள்ளினார்கள். 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேச ஜன விகாஸ் கட்சி அதே இயந்திரத்தைத் திட்டிக்கொண்டு உச்ச நீதிமன்றம் போனது. வாக்காளரிடம் கிடைக்காத கவனத்தை மனுப் போட்டுத் தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று சொன்ன நீதிபதிகள், ஐம்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். தேசிய நாளிதழ் ஒன்றில் கால்பக்க விளம்பரம் கொடுக்கப் போனால் இந்தக் காசு காணாது. இங்கே ஐம்பதாயிரத்துக்கு எல்லா நாளிதழிலும் பெயர் வந்துவிட்டது.

2024 நவம்பரில் மதபோதகர் கே.ஏ. பால் வந்தார். ஜெயித்தால் இயந்திரம் நல்லது, தோற்றால்தான் அதில் தில்லுமுல்லு என்பீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். கேட்டதோடு சரி. 2025 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றத்தில் நடந்தது இன்னும் அழகு. மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் மாலை ஆறு மணிக்கு மேல் எழுபத்தைந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் எப்படி விழுந்தன என்று கேட்டு, மொத்தத் தேர்தலையும் கவிழ்க்கச் சொன்னது ஒரு மனு. தள்ளுபடி செய்த நீதிபதிகள், அவசர வழக்குகளை ஒதுக்கிவைத்துக் கிட்டத்தட்ட நாள் முழுக்க இதையே கேட்டோம், செலவுத்தொகை விதிக்கத் தக்க மனுதான், ஆனாலும் விதிக்காமல் விடுகிறோம் என்று எழுதினார்கள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, பாவம் களைத்திருப்பான் என்று மோர் கொடுத்து அனுப்பிய கதை.

சட்டப் புத்தகத்தில் என்ன விலை போட்டிருக்கிறது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ என்று ஒரு பிரிவு. பொய்யான, தொல்லை கொடுக்கும் வழக்கைப் போட்டவர் எதிராளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. உச்சவரம்பு மூவாயிரம் ரூபாய். 1976 திருத்தத்தில் ஆயிரத்தை மூவாயிரமாக்கினார்கள், அதோடு தூங்கிவிட்டார்கள். இதையாவது ஒரு லட்சமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் யோசனை சொன்னது. அசையவில்லை. ஆனால் 2015-இல் வணிக வழக்குகளுக்கு மட்டும் இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். கம்பெனியின் பணத்தைப் பற்றிப் பொய் சொன்னால் வானமே எல்லை. மற்றப் பொய்களுக்கு மூவாயிரம். யாருடைய மானம் எத்தனைக்குப் போகும் என்பது நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தனை அபராதத்திலும் கறுப்பு அங்கிக்காரர் எங்கே இருக்கிறார்? வெளியே காமிராவுக்கு முன்னால் நிற்கிறார். ஜெயா சுகின் தாமே மனுதாரர் என்பதால் மாட்டினார். மற்ற இடங்களில் அபராதம் கட்சிக்காரர் தலையில். 2025 ஆகஸ்டில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ திட்டத்தின் பெயரை எதிர்த்து வழக்குத் தொடர்ந்த சி.வி. சண்முகத்துக்கு உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் அபராதம் போட்டு, அரசியல் சண்டையை வாக்காளர் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. பத்து லட்சம் கொஞ்சம் உறைக்கும். அதுவும் மனுதாரருக்குத்தான். மனுவை எழுதி, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று வாதாடியவருக்கு அன்றைய பீஸ் பாக்கியில்லாமல் வந்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரு நீதிபதி இதை வேறு மாதிரி செய்து பார்த்தார். 2020 அதிபர் தேர்தல் முடிந்ததும் ட்ரம்ப் தரப்பும் ஆதரவாளர்களும் போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் மண்ணைக் கவ்வின. மிச்சிகன் மாநிலத்தில் சிட்னி பவல் என்ற வக்கீலும் கூட்டாளிகளும் வாக்களித்த மொத்த மாநிலத்தின் முடிவையும் புரட்டக் கேட்டார்கள். ஆதாரமாக வைத்த பிரமாணப் பத்திரங்களில் ஒன்று: வேனில் வந்த இளம் ஜோடி தபால்காரரிடம் பெரிய பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்ததை ஒருவர் பார்த்தாராம், உள்ளே வாக்குச்சீட்டு இருந்திருக்கலாமாம். நம் ஊரில் இதை டீக்கடையில் சொன்னால்கூட, “பையைத் தொறந்து பாத்தியா?” என்று ஒருவராவது கேட்டிருப்பார். நீதிபதி லிண்டா பார்க்கரும் அதையே கேட்டார்: இதைத் தாக்கல் செய்யுமுன் உங்களில் யாராவது அந்த ஆளிடம் ஒரு வார்த்தை விசாரித்தீர்களா?

2021 ஆகஸ்டில் அவர் எழுதிய 110 பக்க உத்தரவில் ஒன்பது வக்கீல்கள் சிக்கினார்கள். எதிர்த்தரப்பின் செலவு, ஏறக்குறைய 1,75,000 டாலர், அவர்கள் தலையில் விழுந்தது. வழக்கறிஞர் உரிமத்தைப் பறிக்கலாமா என்று பார்க்க அந்தந்த மாநில அமைப்புகளுக்குப் பரிந்துரை போனது. இவற்றைவிட எனக்குப் பிடித்த தண்டனை இன்னொன்று. பன்னிரண்டு மணி நேர வகுப்பு. மனு எழுதுவது எப்படி என்று ஆறு மணி நேரம், தேர்தல் சட்டம் ஆறு மணி நேரம். தலை நரைத்த சீனியர்களை ‘அ’ போடச் சொன்னார் அந்த அம்மா. கொலராடோவில் இன்னும் இரண்டு வக்கீல்கள் 1,87,000 டாலர் அளவில் கட்டச் சொல்லப்பட்டார்கள். நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி 2024-இல் அங்கே வக்கீல் தொழிலையே இழந்தார்.

பவல் அம்மையார் இடையில் செய்த வேடிக்கையைச் சொல்லாமல் விட மனமில்லை. வாக்குப்பதிவு இயந்திரக் கம்பெனி ஒன்று அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டபோது, அவருடைய வக்கீல்கள் 2021 மார்ச்சில் ஒரு வாதம் வைத்தார்கள். புத்தியுள்ள எவரும் அவர் பேச்சை உண்மைத் தகவலாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்களாம். அப்படியானால் நீதிபதியிடம் கொண்டுபோய் நீட்டியது எதற்கு?

அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. மிச்சிகன் மேல்முறையீட்டில் சிலர் தப்பினார்கள், தொகையும் கொஞ்சம் இறங்கியது. 2025 நவம்பரில் ட்ரம்ப் ஜூலியானிக்கும் பவலுக்கும் இன்னும் பலருக்கும் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். ஆனாலும் சம்பந்தப்பட்ட வக்கீலின் பெயரைச் சொல்லி, அவர் பையில் கைவிட்ட நீதிபதி ஒருவர் அங்கே இருந்தார்.

நம்மிடம் 1961 வழக்கறிஞர்கள் சட்டம் இருக்கிறது. அதன் 35-ஆம் பிரிவில் கண்டிக்கலாம், தொழிலிலிருந்து நிறுத்திவைக்கலாம், பெயரை நீக்கலாம் என்றெல்லாம் இருக்கிறது. விசாரிக்கும் குழுவில் இருப்பவர்கள் வக்கீல்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தன் பங்குக்கு வக்கீல் ஒழுங்கு விதிகளைத் திருத்தியது. அந்தத் திருத்தம் அகலக் கை வீசியது என்பது உண்மைதான். ஆனால் பதிலாக வந்தது மேலான ஒரு வரைவு அல்ல, வாரக்கணக்கில் கோர்ட் புறக்கணிப்பும் முற்றுகையும்தான். திருத்தம் கிடப்பில் போனது. அந்த வாரங்களில் வாய்தாவுக்கு வந்து திரும்பிப் போனவர்களின் கணக்கை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். அந்தக் கணக்கில்தான் ஜவ்வாது மலை வருகிறது.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் ஆந்திர வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுக் கூலிகளைப் பிடித்து அடைத்தார்கள். ஜவ்வாது மலை ஆட்கள் அதில் கணிசம். கொன்றவர் இவர்தான் என்று எவரையும் காட்ட முடியாமல், இரண்டு ஆண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தபின், 2016-இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதற்குள் 2015 ஏப்ரல் 7 வந்து போய்விட்டது. அன்று அதே காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற இருபது பேரில் இந்த மலைப்பக்கத்து ஆட்களும் இருந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலைக்காரர்மேல் ஆதாரமில்லாத வழக்கு வந்தால் தண்டனை மலைக்காரருக்கு, இரண்டு வருஷம் உள்ளே. வக்கீல் ஆதாரமில்லாத வழக்கைப் போட்டால் நீதிபதிக்கு ஒருநாள் வீண், வக்கீலுக்குத் தொலைக்காட்சியில் ஒன்பது மணி விவாதம்.

அபராதத்தை ஏற்றினால் நியாயமான மனுதாரரும் பயந்து ஒதுங்கிவிடுவார் என்று ஒரு வாதம் உண்டு. ஒதுக்கித்தான் ஆயிற்றே! 2016-இல் ராதாபுரத்தில் 49 வாக்கில் தோற்ற அப்பாவு ஊகத்தோடு வரவில்லை, இன்னின்ன தபால் வாக்கு, இன்னின்ன சுற்று என்று கணக்கோடு வந்தார். தேர்தல் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட 2019 அக்டோபர் ஆயிற்று. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. தேனியில் 2019-இல் வென்ற ரவீந்திரநாத்தின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது 2023 ஜூலையில். அதற்கும் தடை வந்தது, அவர் பதவிக்காலத்தை முடித்துவிட்டார்.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஹரியாணாவின் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாகு என்று ஒரு கிராமம். 2022 ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்றவர் விடாமல் போராடினார். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து எண்ண வைத்தது. தோற்றவர் 51 வாக்கில் ஜெயித்திருந்தார். அந்த மனுவில் சதி இல்லை, வேன் இல்லை, இளம் ஜோடி இல்லை. எந்தச் சாவடி, எத்தனை வாக்கு என்பது இருந்தது.

அடுத்த உண்மையான கேள்வி காத்திருக்கிறது. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின் வரைவு வந்தபோது தமிழ்நாட்டில் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்றார்கள். பிழைப்புக்காக மாதக்கணக்கில் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகிற மலைக்காரர் இதில் எந்த வகை? அப்படி ஒருவர் பெயர் விட்டுப்போய் அவருக்காக ஒரு மனு மேசைக்கு வந்தால், வேன் கதையும் ஆறு மணிக் கதையும் கேட்டுக் காது புளித்த நீதிபதி முதல் வரியிலேயே கொட்டாவி விடுவார். தேர்தல் ஆணையம் அதைத்தான் விரும்பும். பொய் மனுக்காரர்கள் ஆணையத்துக்குச் செய்யும் இலவச ஊழியம் இது. எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு செய்வதுதான் இதில் கேவலம்.

ஆகவே, கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு என் விண்ணப்பம். பன்னிரண்டு மணி நேர வகுப்பை இங்கேயும் கொண்டுவாருங்கள், ஜவ்வாது மலையில் நடத்துங்கள். முதல் பாடம் நடை. வாணியம்பாடிப் பக்கத்து நெக்னாமலைக்குச் சாலையில்லாத காலத்தில் தேர்தல் ஊழியர்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சுமந்துகொண்டு நடந்தே ஏறினார்கள். வக்கீல் ஐயாவும் ஒன்றைச் சுமந்து ஏறட்டும், வாக்குப்பதிவு முடியும்வரை பூத்தில் உட்காரட்டும். முடிந்ததும் பூத் ஏஜெண்ட் கையில் 17சி படிவத்தின் நகலைக் கொடுப்பார்கள், எத்தனை வாக்கு விழுந்தது என்று அதில் இருக்கும். ஆதாரம் என்றால் இதுதான், ஐயா. தொட்டுப் பாருங்கள், கடிக்காது.

இரண்டாம் பாடம் இரவில், காவலூர் வானாய்வகத்தில். யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூருடையதும் ஒன்று. கோளின் பின்னால் போகவிருந்த ஒரு விண்மீன் சில நொடிகள் மங்கியது, அதைப் பதிவு செய்தார்கள், மற்ற இடங்களின் பதிவோடு ஒப்பிட்டார்கள். வளையம் இருந்திருக்கலாம் என்று யாரும் பிரமாணப் பத்திரம் வாங்கவில்லை.

மூன்றாம் பாடம் மனு எழுதுவது. அதற்கு ஆசிரியர் தேடி அலைய வேண்டாம். இந்த மலைப்பக்கத்துப் புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 2023-இல் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் சென்னைக்குப் போய் சிவில் நீதிபதித் தேர்வு எழுதி, 23 வயதில் தேறினார். அவர் படித்த அதே புத்தகங்களை ஐயாமார் முன்னால் அடுக்கிவைத்தால் போதும்.

அபராதப் பணத்தைச் சட்ட உதவி நிதிக்கும் நிவாரண நிதிக்கும் கட்டச் சொல்வது வழக்கம். அதை மாற்றுங்கள். பொய் மனு விழுங்கிய நாளில் எந்த வழக்கு தள்ளிப்போனது என்பது அன்றைய வழக்குப் பட்டியலிலேயே இருக்கும். அந்த எண்ணைத் திறந்த கோர்ட்டில் வாசியுங்கள். அதற்காக வந்து நின்றவரை முன்னால் கூப்பிடுங்கள். மலையிலிருந்து வந்துபோன பஸ் சார்ஜ், ராத்தங்கல் செலவு, போன கூலி, அடுத்த வாய்தாவுக்கு வர ஆகும் செலவு எல்லாவற்றையும் அவரே சொல்லட்டும், டவாலி எழுதிக்கொள்ளட்டும், வக்கீல் அங்கேயே எண்ணிக் கொடுக்கட்டும். ரசீது வக்கீல் பெயருக்கு. கட்சிக்காரர் பெயருக்கு வேண்டாம்.