பந்தி விசாரிப்பவரின் விண்ணப்பம்

பெறுநர்: ஒன்றிய நிதி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: 17-வது நிதிக்குழுவில் உறுப்பினர் பதவி கோருதல் – தொடர்பாக.



அரசமைப்புச் சட்டத்தின் 280-வது பிரிவுப்படி ஐந்தாண்டுக்கு ஒரு நிதிக்குழு. 16-வது குழு 2031 வரைக்குமான கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டது. அடுத்த குழுவுக்குக் கடைசி நேரத்தில் ஆள் தேடி நீங்கள் அலையக் கூடாதே என்று இப்போதே எழுதுகிறேன். உறுப்பினருக்கான தகுதிகளை 1951-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது: உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி, அரசுக் கணக்கில் தேர்ச்சி, நிதி நிர்வாக அனுபவம், பொருளாதார ஞானம். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். எனக்கு நான்கும் இல்லை. ஆனால் எங்கள் வட்டாரத்துக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பவன் நான். எந்த இலைக்கு எவ்வளவு என்று முடிவு செய்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வேலை. நிதிக்குழுவின் வேலையும் அதுதானே?

மாநிலங்களுக்கு வரியைப் பங்கிடும் உங்கள் சூத்திரத்தைப் படித்திருக்கிறேன். என்.கே. சிங் தலைமையிலான 15-வது குழு, வருமானத்தில் பின்தங்கிய மாநிலத்துக்கு அதிகம் என்பதற்கு 45 விழுக்காடு எடை கொடுத்தது. மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15. அதன்படி, பகிர்வுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் உத்தரப் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 18, பீகாருக்கு 10, தமிழ்நாட்டுக்கு 4 ரூபாய் 8 காசு. 10-வது குழுவின் காலத்தில் எங்களுக்கு 6 ரூபாய் 64 காசு இருந்தது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதினீர்கள், நாங்களும் நம்பிவிட்டோம். பிறகு 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கைவிட்டு 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கையில் எடுத்தீர்கள். சொன்னதைக் கேட்ட பிள்ளைக்கு ஆறுதல் பரிசாக, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5 விழுக்காடு எடை தந்தீர்கள். அதற்கு நன்றி.

பசித்தவன் இலைக்கு முதலில் சோறு போக வேண்டும் என்பதில் பந்திக்காரனான எனக்கு மறுப்பு இல்லை. பீகாரின் இலையை எட்டிப் பார்த்து நான் பொருமப் போவதில்லை. என் கண் உக்கிராண அறையின் மேல்.

அந்த அறையை நீங்கள் நிர்வகிக்கும் அழகே அழகு! 14-வது குழு மாநிலங்களின் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக்கியது. ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பிரதேசமானதும் 15-வது குழு அதை 41 ஆக்கியது. தாராள மனசு என்று ஊரே கைதட்டியது. ஆனால் செஸ்ஸும் சர்சார்ஜும் பகிர்வுத் தொகுப்பில் சேராது என்று 270-வது பிரிவே சொல்கிறது. 2011-12இல் மொத்த வரி வருவாயில் அவை சுமார் பத்தில் ஒரு பங்கு. 2020-21இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கூடத்தில் பெரிய கரண்டி, பாயச அண்டா மட்டும் உக்கிராணத்துக்குள்ளே. இந்தத் தொழில்நுட்பம் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது.

பெட்ரோலில் நீங்கள் காட்டியது இன்னும் உயர்ந்த வித்தை. 2021 பட்ஜெட்டில் லிட்டருக்கு 2.98 ரூபாயாக இருந்த அடிப்படை கலால் வரியை 1.40 ஆகக் குறைத்தீர்கள். அதோடு வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்று 2.50 ரூபாயைச் சேர்த்தீர்கள். இன்னொரு வரியில் சரிக்கட்டியதால் பெட்ரோல் பங்கில் விலை அசையவில்லை, வண்டியோட்டி எவருக்கும் வலிக்கவில்லை. 2022 மே மாதம் வரியைக் குறைத்த பிறகு ஒன்றிய அரசின் வரி லிட்டருக்கு 19.90 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி அதே 1.40 ரூபாயாகத்தான் இருந்தது.

எங்கள் சென்னையை மட்டும் யோக்கியம் என்று நான் சொல்லிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தில்லியைப் பார்த்து மாநில உரிமை என்று முழங்கும் அதே வாய், கீழே கிராம ஊராட்சியைப் பார்த்தால் தில்லிக் குரலில் பேசும். 2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஊரகப் பகுதியில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில். மிச்சம் ஒன்பதுக்கு 2021. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லையென்று நிதிக்குழு மானியத்தை நீங்கள் நிறுத்திவைத்தீர்கள். நல்ல நியாயம்: இலை போடாதது யாரோ, பட்டினி ஊராட்சிக்கு. அந்த 27 மாவட்டங்களிலும் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்பார்கள். ஊராட்சிக்கு அந்தக் கடைசிப் பந்தியிலும் அடிக்கடி இடம் போடுவதில்லை.

நான் உறுப்பினரானால் செய்ய நினைப்பது ஒன்றே ஒன்று. பரிமாறத் தொடங்கும் முன் உக்கிராணச் சாவியைக் கேட்பேன். கூடாது என்றால் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் ரயில் கட்டணத்தை நிபந்தனையற்ற மானியமாகத் தரவும். 15-வது குழுவின் காலத்தில் ஊராட்சிகளுக்குத் தந்ததைப் போல 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கிவிட்டால், தில்லி வரை தண்ணீர் குடித்துக்கொண்டும் கழிப்பறைக்குப் போய்க்கொண்டும்தான் வர வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கக் காசு மிஞ்சாது.

இப்படிக்கு,
பந்தி விசாரிப்பவன்