ரயில் வராத ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர்

கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. கொடைக்கானல் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அது மலைக்குக் கீழே, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி, அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. அங்கே இறங்கிக் கொடைக்கானல் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் வானத்தைக் காட்டுவார். ஊட்டிக்கு மட்டும் 1908-லேயே பல்சக்கரம் மாட்டி ரயிலை ஏற்றிவிட்டார்கள்.

இந்த ஓரவஞ்சனையை ஊர் மறந்துவிட்டது. மறக்காத ரகம் ஒன்று உண்டு. நாயுடுபுரம் பக்கமோ அட்டுவம்பட்டிப் பக்கமோ ஏதாவது ஒரு தகரக்கூரை வீட்டின் பேரிக்காய் மரத்தடியில், முழங்கால் மண்ணோடு அவரைப் பார்க்கலாம். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் மட்டும் இருந்திருக்க மாட்டார். ரயில்வேக்காரர்களுக்கு ஓய்வு என்றாலே ரயிலைப் பார்க்காமல் இருப்பதுதான்.

அவர் தோட்டத்தைச் சுற்றிவரும் பொம்மை ரயிலுக்கு ஜெர்மானிய வம்சம். நியூரம்பர்க்கின் லேமன் கம்பெனி 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில் தொடங்கிவைத்த அளவு அது: தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர், மற்றதெல்லாம் அசலில் 22.5-ல் ஒரு பங்கு. “ஊட்டி லைன் மீட்டர் கேஜ். ஆயிரத்தை இருபத்திரண்டரையால வகுங்க” என்பார். வகுக்காதவருக்குக் காபி வராது. 44 சொச்சம் என்று வாயைத் திறந்தோமானால், ஊட்டி ரயிலை அவர் பேருக்கு நாமே எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கணக்கு.

ஆனால் ரயில் வெறும் சாக்கு. அவர் உயிர் ஸ்டேஷன் கட்டடத்தில் இருக்கிறது. சுவர், ஜன்னல், ஓடு எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, உரசி, சேர்த்துக்கொள்ள வேண்டும். பனி வழுக்கிவிழச் செங்குத்தாகக் கூரை வைத்த ஐரோப்பிய ஸ்டேஷன். அதன் நெற்றியில் இருந்த ஜெர்மன் ஊர்ப் பெயரைச் சுரண்டிவிட்டு, மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், மூன்று மொழிகளில் ‘கொடைக்கானல்’ என்று எழுதியிருக்கிறார். கீழே கடல் மட்டத்துக்கு மேல் 2133 மீட்டர். ரோடு என்ற சொல் இல்லாததைக் கவனிக்கச் சொல்வார்.

“பெவிக்விக் போட்டு ஒட்டினீங்களா?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. ஒரு மணி நேரம் போய்விடும். அவசரப் பசை வெயிலிலும் ஈரத்திலும் நொறுங்கும். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் திரவம்தான் வேண்டும். மூலைகளுக்கு உள்ளே முட்டு. உள்சுவருக்குக் கறுப்புப் பெயின்ட், இல்லையென்றால் இரவில் விளக்குப் போட்டதும் செங்கல் சுவரே ஒளிவிடும். மலை வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை அப்பளமாக்கிவிடும் என்பதால் வெளியே அதற்கென்றே ஒரு பூச்சு. இவ்வளவும் அடைத்துவிட்டு அடித்தளத்தில் ஓட்டை போடுகிறாரே என்று பார்த்தால், “மூடி வெச்சா மூடுபனியில உள்ளே வேர்க்கும்” என்கிறார். அந்த ஓட்டை வழியாகக் குடிவந்த தேரை ஒன்று ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தங்கியிருக்கிறது. மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை.

சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி கேட்கும் ஊர் இது. மருமகன் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால், “தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்குத்தான் வரி. இது பேரன் காலத்துக்கும் நிக்கும்” என்பார். சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் மனிதர் வருடம் முழுக்கத் தூரிகையும் கையுமாக அலைகிறார்.

சிக்கல் என்னவென்றால், உலகத்தையே 22.5 மடங்கு சுருக்கியவரால் மழையைச் சுருக்க முடியவில்லை. இரண்டு மில்லிமீட்டர் துளி அவருடைய ஊரில் நாலரை சென்டிமீட்டர். ஐப்பசியில் அந்தக் கூரையின் மேல் எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாகக் கொட்டுகிறது. காற்றும் முழு அளவு, நத்தையும் முழு அளவு. பாசி மட்டும் அவர் கட்சி. ஓட்டின் மேல் படர்ந்தால் காடுபோல இருக்கிறது என்று விட்டுவைப்பார்.

“என்னங்க, அடுக்களையில ஒழுகுது” என்று உள்ளிருந்து குரல் வரும்.

“அது ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்கேல். கொத்தனாரைக் கூப்பிடு.”

2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் வேண்டும். அதையும் வாங்கிக்கொண்டு வரும் உறவினர் பிள்ளைகளுக்கு இவர் பிளாட்பார டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். ரயிலை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டால் லைன் ஈரம், சிக்னல் கோளாறு, தண்டவாளத்தில் பேரிக்காய் என்று இந்திய ரயில்வேயின் பாரம்பரியத்துக்குக் குறைவில்லாமல் காரணம் சொல்வார். கூரையைக் கழற்றி உள்ளே காய்ந்திருப்பதைக் காட்டுவதற்கு மட்டும் எந்த நேரமும் தயார்.

கொடைக்கானலில் காட்டுமாடு தெருவில் நடமாடுவது செய்தியல்ல. நல்ல காளை தோள் உயரம் ஆறடி வரும். அவருடைய கணக்கில் அது 135 அடி. அதற்கான பூச்சு எந்தக் கடையிலும் இல்லை. ஒரு நாள் விடிகாலையில் தோட்டக்காரர் வந்து நின்றார்.

“ஐயா, ராத்திரி மாடு வந்துட்டுப் போயிருச்சுங்க. ஸ்டேஷன் போச்சுங்க.”

“முழுசாவா?”

“பிளாட்பாரம் இருக்குதுங்க.”

மனிதர் குல்லாயைக்கூடப் போடாமல் ஓடினார். ஒரு சுவர் குளம்படியில் கிடந்தது, கூரை செடிக்குள். குனிந்து, சிதறிய பயணிகளை விலக்கி, டிக்கெட் அறைத் தரையை விரலால் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பார்த்தியா! சுவரே போயும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. மூலைக்கு மூலை காஞ்சிருக்கு!”

தோட்டக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்து மழையே பெய்யலீங்களே ஐயா.”