தண்ணீர் பழக்குகிறவர்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெருகிவரும் மனித வகைகளுள் ஒற்றை ஃபைட்டர் மீன் வளர்ப்பவர் தனித்து ஆராயத்தக்கவர். அவரை அடையாளம் காண்பதற்குரிய இடம் வரவேற்பறையிலுள்ள கண்ணாடித் தொட்டியன்று, குளியலறை வாசல். அங்கே ஒரு நீல வாளி, மூடியின்றி, எவரும் தொடக்கூடாது என்ற வாய்மொழி ஆணையுடன் ஒரு பகலும் ஓர் இரவும் நிற்கும். அதிலிருப்பது குழாயில் பிடித்த மெட்ரோ தண்ணீர்தான் என்றாலும், அது பழகிக்கொண்டிருக்கிறது என்பதே அவருடைய விளக்கம்.

கொளத்தூர் மீன் கடைகளிலிருந்து, பாதி நீரும் பாதிக் காற்றுமாகக் கட்டிய பாலிதீன் பையில் மீனை வாங்கிவரும் நாள்வரை அவர் வேதியியலைப் பள்ளியோடு மறந்தவராகவே இருப்பார். "ஃபைட்டர்தான சார், எந்தத் தண்ணியிலயும் கெடக்கும்" என்று கடைக்காரர் சொல்லியனுப்புவதில் பாதி உண்மை உண்டு. பெட்டா என்று நூல்கள் குறிக்கும் இம்மீனுக்குச் செவுள்களோடு, தலைப்பகுதியில் லேபிரிந்த் எனப்படும் மடிப்பு மடிப்பான உறுப்பொன்றும் இருப்பதால், அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கி, உயிர்க்காற்று குறைந்த வயல்நீரிலும் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் காற்றை வெளியிலிருந்து பெறுகிற மீனும் செவுளைக் கழற்றி வைத்துவிடுவதில்லையாகையால், நீரிலுள்ள நஞ்சு அதனையும் தாக்கவே செய்யும். இந்த மீதிப் பாதி உண்மையை அவர் இரவோடிரவாகப் படித்தறிகிறார். அத்துடன் தாய்லாந்து 2019ஆம் ஆண்டில் இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்த செய்தியும் கண்ணில் பட்டுவிடுவதால், மறுநாள் முதல் வீட்டில் ஒரு வெளிநாட்டுத் தூதர் தங்கியிருப்பதற்குரிய நடைமுறைகள் தொடங்குகின்றன.

அவருடைய முதற்பகை குளோரின். குடிநீர் குழாயின் கடைசி முனைவரை கிருமியின்றி வந்து சேர்வதற்காக, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் அதில் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. மனிதரைக் காலராவிலிருந்து காக்கும் அதே எச்சம் மீனின் செவுளை அரித்துவிடும். இது தெரிந்த அன்றே அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் படிக்கட்டில் மறிக்கிறார்.

"சம்ப்ல பிளீச்சிங் பவுடர் போடறதுக்கு மொத நாளே குரூப்ல சொல்லிடுங்க சார்."

"ஏன் சார், கொழந்தைக்கு ஒத்துக்கலையா?"

"கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. ஃபைட்டருக்கு."

அதன்பின் அச்செயலாளர் மின்தூக்கியையே பயன்படுத்துகிறார்.

திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் காற்றோடு போய்விடும் என்பதால்தான் வாளி நிற்கிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்ற சேர்மமோ அவ்வளவு எளிதில் வெளியேறாது. அது தம் வீட்டுக் குழாயில் வருகிறதோ இல்லையோ, வந்தால் என்ன செய்வது என்று அவர் 'ஆன்டி குளோரின்' குப்பியும் வாங்கி வைக்கிறார். அக்குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், அதாவது பழைய புகைப்படக் கூடங்களில் ஹைப்போ என்று புழங்கிய உப்பு. குளோரினை நொடியில் முடக்கும் அது, குளோரமினை உடைக்கும்போது அம்மோனியாவை விடுவித்துவிடும் என்பதையும் படித்தபின் அவருக்குத் தூக்கம் குறைகிறது.

இத்தனைக்கும் அவர் அருந்துவது கேன் தண்ணீர். அது எந்தக் கிணற்றில் பிறந்தது என்று ஒருநாளும் கேட்டவரல்லர். மீனுக்கும் அதையே கொடுத்தாலென்ன என்று மனைவி கேட்கும் கேள்விக்கு மட்டும் முழு விரிவுரை கிடைக்கிறது. நன்னீர் மீனின் உடலில் உப்பு மிகுதி, சுற்றியுள்ள நீரில் குறைவு. ஆகவே நீர் ஓயாமல் உடலுக்குள் புகுந்துகொண்டிருக்க, மீன் அதை ஓயாமல் வெளியேற்றி உப்பை மட்டும் பிடித்துவைக்கப் பாடுபடுகிறது. கேன் தண்ணீரைப்போல், ஆர்.ஓ. இயந்திரம் தாது உப்புகளை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்ட நீரில் இப்பாடு கூடுவதோடு, நீரின் காரஅமிலச் சமநிலையும் நிலைகொள்ளாது. விரிவுரை முற்றிலும் சரியானது. சாம்பார் தீய்ந்ததற்கு அதுவே காரணம் என்பதும் சரியானது.

சட்டைப்பையில் எப்போதும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். உறவினர் வீட்டுத் திருமணப் பேச்சுக்குப் போன இடத்திலும் உபசரித்த குவளையில் அதை நனைத்து, "போர் தண்ணியா?" என்று கேட்டு, நடக்கவிருந்த சம்பந்தத்தைச் சற்றே அசைத்துவிடுகிறார். நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு கரைந்த உப்புகளை மதிப்பிடும் அக்கருவி குளோரினையோ அம்மோனியாவையோ தனித்துக் காட்டாது என்பதை அவரிடம் கூறுவது வீண். எண் காட்டும் எதையும் நம்பும் தலைமுறை அது.

உண்மையான விபரீதம் அவர் ஞாயிறுதோறும் நடத்தும் முழுச்சுத்தத்தில் நிகழ்கிறது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் அதனினும் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேறத் தோராயமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவரோ பஞ்சைக் குழாய்நீரில் வெள்ளை வெளேரென்று அலசி, அக்குடியேற்றத்தை வாராவாரம் குளோரினால் அழித்துவிட்டு, பளிங்குபோலத் தெளிந்த நீரில் மீன் ஏன் மூலையில் முடங்கிக் கிடக்கிறது என்று வியக்கிறார். இவ்வகையினரிடம் மீன் நோயுற்றால் அழுக்கைவிட அக்கறையைத்தான் முதலில் ஐயுற வேண்டும். வாரம் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுவதும், தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பஞ்சைப் பிழிவதும் போதும் என்று ஏற்க அவருக்கு ஒரு மீனின் ஆயுள் செலவாகிறது.

இரண்டாம் மீன் வந்தபின் அவர் பக்குவப்படுகிறார். மே மாதத்து மாடித்தொட்டி நீர் கொதித்திறங்கும் நகரத்தில், வாளிநீர் தொட்டிநீரின் வெப்பத்துக்கு, அதாவது 24 முதல் 28 பாகைக்குள், தணியும்வரை காத்திருக்கிறார். தெருமுனைப் பாதாம் மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்குகிறார், அவ்விலையிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்பொருள் நீரைச் சிறிது அமிலத்தன்மைக்கு இறக்குவதோடு தேநீர் நிறமும் ஊட்டுவதால், வருகிறவர்களெல்லாம் "தண்ணிய மாத்தலையா?" என்று கேட்கின்றனர்.

தண்ணீர் லாரி வராத நாளில்தான் வாளியின் பெருமை வீட்டாருக்கு விளங்குகிறது, ஏனெனில் வீட்டில் அன்று நிறைந்திருக்கும் பாத்திரம் அது ஒன்றே. மாமியார் அதில் அரிசி களைந்துவிட்டு, "மீனுக்கு ஆவுதுன்னா மனுசாளுக்கு ஆவாதா மாப்ள?" என்று கேட்டதற்கு, அயனிச் சமநிலை முதலாக அவர் அறிந்த எதுவும் விடையாகவில்லை. குப்பியிலிருந்து ஒரு சொட்டும் விடாத அவ்வாளியின்மேல் 'மருந்து கலந்தது' என்று கொட்டை எழுத்தில் அவர் அன்றிரவு ஒட்டிய சீட்டை மட்டும் வீட்டார் அனைவரும் இன்றளவும் மதித்துவருகின்றனர்.