பேஸ் கிட்டாரால் பாட்டைக் கவிழ்ப்பது எப்படி?

தம்பி, நாளைக்கு உனக்கு முதல் ரெக்கார்டிங் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கையில் நாலு கம்பி கிட்டார் இருக்கிறது. யூடியூபில் விடிய விடியப் பார்த்த வித்தைகள் விரலில் இருக்கின்றன. ஸ்டூடியோ வாசலில் எடுக்க வேண்டிய செல்ஃபிக்குச் சட்டைகூட இஸ்திரி போட்டாயிற்று. ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. பாட்டை எப்படிக் கவிழ்ப்பது என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபது வருஷமாக வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடுவே பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தவன் நான். கீழே சொல்வதில் பாதியை என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன். நம்பிக் கேள்.

எதற்குக் கவிழ்க்க வேண்டும் என்பாய். பேஸ் வாசிக்கிறவனை யார் பார்க்கிறார்கள்? பந்தக்கால் நட்டவனைக் கல்யாணத்தில் யாராவது விசாரிப்பார்களா? பந்தல் சாய்ந்தால்தான் 'எவன்டா நட்டது' என்று தேடுவார்கள். ஆகவே பெயர் வாங்க ஒரே வழி, சாய்ப்பதுதான்.

முதலில் கம்பி. புதுக் கம்பி மாட்டிக்கொண்டு போ, அதுவும் போகிற வழியில் ஆட்டோவில் மாட்டினால் உத்தமம். புதுக் கம்பி பளீரென்று பேசும், விரல் நகர்கிற கீச்சொலிகூடத் துல்லியமாகப் பதிவாகும், அரை மணிக்கு ஒரு தரம் இழுபட்டுச் சுருதி இறங்கும். வெளியே சித்திரை வெயில், உள்ளே எலும்பு வரை போகிற ஏசி. கிட்டார் கழுத்து மரம்தானே, அது சும்மா இருக்குமா? நீ மட்டும் டேக்குக்கு டேக் டியூனரைப் பார்க்காதே. உன் சுருதி விலகினால் கேட்கிறவர்கள் உன்னைத் திட்ட மாட்டார்கள், 'பாடகி இன்றைக்குச் சரியில்லையே' என்பார்கள். அடியில் இருக்கிறவன் நகர்ந்தால் மேலே இருக்கிறவர்தான் தவறாகத் தெரிவார். எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். அறுபதுகளில் மோட்டவுன் கம்பெனியின் ஹிட் பாட்டுகள் பலவற்றுக்கு பேஸ் அவர்தான். வைத்திருந்தது 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரிசிஷன். அதில் மழமழவென்று தட்டையாகச் சுற்றிய தடித்த கம்பி. அறுந்தாலொழிய மாற்ற மாட்டார், அழுக்கில்தான் நாதம் என்பது அவர் கட்சி. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு, அடித்த ஸ்வரம் வீணாக முனகிக்கொண்டிருக்காமல் அடங்குவதற்கு. வலது கையில் மீட்டுவது ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பட்டப்பெயர். ஸ்டூடியோவுக்குப் 'பாம்புக்குழி' என்று பெயர். இத்தனை செய்தும் அவரும் கூட வாசித்தவர்களும் அடங்கிய குழுவின் பெயர்கள் ரெக்கார்டு உறைகளில் வழக்கமாக வருவதில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பம் வந்தபோதுதான் ஊருக்குத் தெரிகிற மாதிரி அச்சில் ஏறின. நீ முதல் நாளே பெயர் கேட்கிறவன். இவர் வழி உனக்கு ஆகாது.

அடுத்தது சொல். பாட்டின் வரிகளைத் தப்பித்தவறியும் படித்துவிடாதே. கவிஞர் எதற்கு எழுதினார், பாடகர் எந்தச் சொல்லில் மூச்சை நிறுத்துகிறார் என்றெல்லாம் தெரிந்துகொண்டால் கை தானாக அடங்கிவிடும், பிறகு உன் திறமையை எங்கே காட்டுவது? ஒரு தடவை நான் ஒரு சோகப் பாட்டுக்கு வாசித்தேன். சரணத்தின் கடைசி வரியில் பாடகி ஒரு சொல்லை நீட்டி, கீழிறக்கி, மூச்சாகவே முடிப்பார். எனக்கு என்ன தெரிந்தது? இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து, நடுவில் ரெண்டு குதி குதித்து, சரியாக 'ஸ'வில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது முக்கியமான பாடம். ஸ்வரத்தை எப்போது தொடங்குவது என்று நாலு பேர் உனக்குச் சொல்லியிருப்பார்கள்: டிரம்மரின் கிக் விழுகிற இடத்தில் நீயும் விழ வேண்டும், இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும் என்று. எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கவிழ்ப்புக் கலையின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. வீட்டில் க்ளிக் போட்டுக்கொண்டு நாலே நாலு ஸ்வரம் வாசித்துப் பார். முதல் தடவை, ஸ்னேர் விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் சத்தத்தை அடக்கு. இடது கை விரலைக் கம்பியை விட்டு எடுக்கக் கூடாது, அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் போதும். பாட்டு எழுந்து நடக்கும். இரண்டாம் தடவை, அதே ஸ்வரத்தை ஸ்னேரைத் தாண்டி அடுத்த ஸ்வரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போ. பாட்டு பாயை விரித்துப் படுத்துக்கொள்ளும். ஸ்வரம் மாறவில்லை, வேகம் மாறவில்லை, நடையே மாறிவிட்டது. பல பேர் வருஷக்கணக்கில் வாசித்தும் இதைக் கவனிப்பதில்லை. ஆகவே நடக்க வேண்டிய பாட்டைப் படுக்க வை, படுக்க வேண்டிய பாட்டை எழுப்பி ஓட விடு. எல்லா ஸ்வரமும் சரிதானே என்று சாதிக்கலாம், உன்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இதைவிட நாசூக்கான வழியும் உண்டு. பாடகி 'ஸ', அந்தர காந்தாரம், 'ப' மூன்றையும் சுற்றி வருகிறார் என்று வைத்துக்கொள். கீழே நீ 'ஸ' பிடித்தால் அது வெயில் அடிக்கிற மேஜர் கார்டு. அதே மெட்டு, அதே குரல், கீழே நீ மட்டும் சதுஸ்ருதி தைவதத்துக்கு இறங்கினால் மைனர் ஏழாகி, வானம் மூடிவிடும். பாடகிக்கே தெரியாமல் அவர் மனநிலையை நீ மாற்றிவிடலாம். கிட்டாரிஸ்ட்டுக்கு ஆறு கம்பி இருந்தும் இந்த அதிகாரம் இல்லை. இசையமைப்பாளர் யோசித்து எழுதிக் கொடுத்த ஸ்வரத்தைக் 'கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன் சார்' என்று சொல்லிக்கொண்டே மாற்று.

இளையராஜா இதற்கு இடம் கொடுக்காத ஆள். பேஸையும் அவரே நொட்டேஷனில் எழுதிவிடுவார். 1980இல் வந்த 'மூடுபனி'யில் யேசுதாஸ் பாடிய அந்தப் பொன் நிலா பாட்டை ஹெட்போனில் கேள். பேஸ் ஓரிடத்தில் நிற்பதில்லை. தனக்கென்று ஒரு மெட்டையே வைத்துக்கொண்டு கீழே உலாத்துகிறது. ஆனாலும் கேட்டு முடித்த பின் நாம் முணுமுணுப்பது யேசுதாஸ் பாடியதைத்தான். இளையராஜாவிடம் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

இந்த இடத்தில் வேஷத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். பாட்டுக்கு வாசிப்பது என்றால் குறைவாக வாசிப்பது என்று ஒரு உபதேசம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அது சோம்பேறிகளின் வேதாந்தம். ஜேமர்சன் குறைவாகவா வாசித்தார்? எத்தனை ஸ்வரம் என்பது கணக்கே இல்லை, குரல் வருகிற வழியில் நிற்கிறாயா, ஒதுங்குகிறாயா என்பதுதான் கணக்கு. சரி, மறுபடி வேஷம்.

ஸ்லாப் உனக்கு நன்றாக வருமாமே. தாலாட்டுப் பாட்டில் அடி.

ரெக்கார்டிங் முடிந்ததும் கன்சோல் ரூமுக்குள் புகுந்து, 'என் பேஸ் கேட்கவில்லை' என்று சொல். மூன்று தடவையாவது சொல். இரவு வீட்டுக்குப் போய் மிக்ஸைப் போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டு, பதினொரு மணிக்கு இன்ஜினியரை எழுப்பி மறுபடி சொல். உன் தடித்த கம்பி திறந்து அதிர்வது நொடிக்கு 41 முறை. சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அந்தக் காற்றைத் தள்ளவே முடியாது. போனில் உனக்குக் கேட்பது அதன் மேல் ஸ்தாயி நிழல்கள்தான், அடியில் இருப்பதை மூளையே நிரப்பிக்கொள்கிறது. இன்ஜினியர்கள் பேஸில் லேசாகக் கரகரப்பு ஏற்றுவதில் பாதி இந்த நிழலுக்காகத்தான். இதெல்லாம் அவர் விளக்கினால் கேட்டுக்கொள்ளாதே. ஃபேடரைத் தூக்கச் சொல். தூக்கினால் கிக் மூழ்கும், கிக் மூழ்கினால் பாட்டு மூழ்கும். நீ மட்டும் தெப்பம் மாதிரி மிதப்பாய்.

முன்பெல்லாம் இத்தனை சௌகரியம் கிடையாது. ஒரே ஹாலில் வயலின் வரிசை, தபலா, புல்லாங்குழல், கோரஸ் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கண்டக்டர் கையை அசைத்ததும் பாட்டு முழுக்க ஒரே மூச்சில் போகும். நீ கடைசிச் சரணத்தில் சறுக்கினால் அத்தனை பேரும் பல்லவியிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். அந்த வயலின்காரர்கள் திரும்பிப் பார்க்கிற பார்வையே பெரிய வாத்தியார் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இப்போது உனக்கு அந்தத் தொல்லை இல்லை. நீ தனியாக அறையில் உட்கார்ந்து நாலு பார் வாசித்தால் போதும், வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் உனக்குச் சொல்லாமலே கீபோர்டில் வேறு வாசித்து வைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சோகப் பாட்டை இன்னும் எஃப்எம்மில் போடுகிறார்கள். போன வாரம் ஷேர் ஆட்டோவில் கேட்டேன். பாடகி அந்தச் சொல்லை நீட்டி, கீழிறக்கி, மூச்சாக முடிக்கிறார். அந்த இடத்தில் என் சறுக்கலும் இல்லை, குதிப்பும் இல்லை. யாரோ கீபோர்டில் ஒரே ஒரு 'ஸ' வைத்திருக்கிறார்கள், அதுவும் அவர் மூச்சு முடிவதற்குள் அடங்கிவிடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.